அண்ணனுக்கு வாய்விட்டுப் படித்த நாலரைப் புத்தகங்கள்

1

கடந்த ஒரு மாதத்தில் நாலரைப் புத்தகம் படித்தேன். ஜெர்மனிக்கு வந்த பதின்மூன்று வருடங்களில் நான் படித்து முடித்த எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தேன். எதிரே படுத்திருந்தவர் என் அண்ணன் சாலமன். முதல் மூன்று புத்தகங்கள் முடியும்வரை அவர் கண் திறக்கவில்லை.

நான் வேலை செய்வது ஒரு பார்சல் கிடங்கில். எங்கள் ஊர் அச்சரப்பாக்கத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதாக இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன். அன்று காலை பெல்ட்டில் வரும் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்துத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அண்ணி ரூபி. அந்த எண்ணிலிருந்து ஆறு வருடங்களாக எனக்கு அழைப்பே வந்ததில்லை.

"தம்பி, உங்கண்ணன் வண்டில வேலைக்குப் போய்கினு இருக்கச்சொல்ல மாடு குறுக்க வந்துட்ச்சு. தலைல அடி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில வெச்சிருக்கோம். கண்ணு முழிக்கல. நீ வரியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

வருகிறேன் என்றேன். மேற்பார்வையாளரிடம் விடுப்புக்குப் போனேன். அவர் ஒரு படிவத்தை எடுத்தார். அதில் சாவுக்கு ஒரு கட்டம் இருந்தது, கல்யாணத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்பதற்குக் கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'இதர' என்பதில் குறி போட்டார். நான்கு வாரம். அதற்குமேல் ஒரு நாள் ஆனாலும் என் இடத்தில் வேறு ஆள் நிற்பான் என்பதையும் அதே தாளின் அடியில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

விமான நிலையத்திலிருந்து நேராகச் செங்கல்பட்டுக்குப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் மதுராந்தகத்திலிருந்தும் உத்திரமேரூரிலிருந்தும் வந்தவர்கள் பை, சொம்பு, பாயோடு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், ஒரே ஓர் ஆள் உள்ளே போகலாம். அண்ணி காலை நேரத்தைத் தான் வைத்துக்கொண்டு மாலையை எனக்குக் கொடுத்தார்.

மொட்டையடித்த தலையில் கட்டு. தொண்டையில் குழாய். அண்ணனின் கைகள் மட்டும்தான் எனக்கு அடையாளம் தெரிந்தன. பணியில் இருந்த நர்ஸம்மா, பேசுங்கள், காதில் விழலாம் என்றார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று அவர் சொல்லும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் அண்ணி, என்ன பேசினாய் என்று கேட்டார். ஒன்றும் பேசவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. மறுநாள் பூஞ்சேரியில் இருக்கும் வீட்டுக்குப் போய்வந்தபோது ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தார்.

"அவரு புக்குங்கோ. பேச வரலன்னா படி. உன் கொரலாச்சும் கேக்கட்டும்."

2

அண்ணன் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறவர். இருபது வருட வேலை. விருந்தாளிகள் கிளம்பும்போது பாதி படித்த புத்தகங்களைக் கட்டிலடியில் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு மாதம் யாரும் கேட்டு வரவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் எட்டாவதோடு நின்றவர். ஆனால் எந்த மொழிப் புத்தகமாக இருந்தாலும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். தமிழ்ப் புத்தகங்களைச் செங்கல்பட்டில் பழைய பேப்பர் கடையில் பொறுக்குவார்.

முதலில் கைக்கு வந்தது வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகம். எந்தப் பறவை எந்த மாதம் வரும், கூடு எங்கே கட்டும், எத்தனை முட்டையிடும் என்று அதில் இருந்தது. கூழைக்கடாவையும் நத்தைக்குத்தி நாரையையும் பற்றி மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் நான்கு நாள் படித்தேன். படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டாவது, அட்டை கிழிந்த ஒரு துப்பறியும் நாவல். ஒரு மில் முதலாளி பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறான். பத்துப் பத்து நிமிடமாகத்தான் படிக்க முடியும் என்பதால் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து முன்கூட்டியே படித்து, எதை விடலாம் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். கடைசிப் பக்கங்களை மட்டும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அண்ணனுக்குத் தெரியும் நேரத்திலேயே எனக்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் அவருக்குக் காய்ச்சல் ஏறியது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது, மருந்தை மாற்றியிருக்கிறோம், இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அண்ணி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை உள்ளே போனபோது இயந்திரம் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. நர்ஸம்மா என்னைப் போகச் சொல்லவில்லை. படியுங்கள் என்றார்.

படித்தேன். துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறான் என்கிறார். பக்கத்தைத் திருப்பினேன். பின்னட்டை. கடைசியில் ஒரு கொத்துப் பக்கங்கள் இல்லை.

அந்த இயந்திரத்தின் சத்தத்தில், நிறுத்தினால் ஏதாவது நடந்துவிடும் என்று எனக்குப் பட்டது. அதனால் பின்னட்டையைப் பார்த்துக்கொண்டே படிப்பதுபோலச் சொல்ல ஆரம்பித்தேன். மருமகன்தான் கொலையாளி என்றேன். எப்படிப் பூட்டினான் என்று எனக்கே தெரியவில்லை. ஜன்னல், கயிறு, ஐஸ்கட்டி என்று என்னென்னவோ சொன்னேன். வியர்த்துக் கொட்டியது. நேரம் முடிந்து எவ்வளவு ஆகியிருக்கும் என்று தெரியாது, நர்ஸம்மா தோளைத் தொட்டார். போகும்போது, மருமகன் என்று தானும் நினைத்ததாகச் சொன்னார்.

பதினோராம் நாள் காய்ச்சல் இறங்கியது.

3

ஆறு வருடம் ஏன் பேசவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போனவன். எங்கள் தெருவில் இஞ்சினியரிங் படித்த முதல் ஆள். அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் அறுப்புக்குப் போன குடும்பம். அண்ணன் எட்டாவதோடு நின்றதற்கும் நான் கப்பலேறியதற்கும் உள்ள தொடர்பு எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஜெர்மனியில் ஒரு பாடத்தில் மூன்று முறை தோற்றால் அந்தப் படிப்பை அந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. நான் மூன்று முறை தோற்றேன். என் மனைவி ஜாஸ்மின் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுடைய வேலையை வைத்து நாட்டில் தங்க அனுமதி கிடைத்தது. நான் கிடங்குக்குப் போனேன். ஊருக்கு மட்டும் சொல்லவில்லை. இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் இஞ்சினியர் என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னதும் அது அப்படியே நின்றுவிட்டது. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீடியோவில் பேசும்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வேன்.

அண்ணன் வாழ்நாளில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஒரு மாதம் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். தான் அறை சுத்தம் செய்யும் விருந்தாளிகள் சொல்லும் ஊரை, அவர்கள் சொல்லும் பனியைப் பார்க்க வேண்டும், என் மகள் லியாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நான் அங்கே அலுவலகத்தில் போய், வருகிறவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு ஓர் அழைப்புக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். அரை நாள் வேலை.

நான் போகவில்லை. போனதாகவும், அலுவலகத்தில் மறுத்துவிட்டதாகவும் சொன்னேன். அண்ணன் நம்பினார். சில மாதங்கள் கழித்து விடுதிக்கு வந்த ஒரு ஜெர்மன்காரரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். அந்த மனிதர், மறுத்தால் எழுத்தில் கொடுத்திருப்பார்களே, அந்தத் தாளைக் காட்டுங்கள், நான் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அண்ணன் என்னிடம் அந்தத் தாளைக் கேட்டார். தேடுகிறேன் என்றேன். மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அந்த ஊருல பேப்பர் இல்லாம ஒண்ணியும் நடக்காதாமே டேவிடு."

அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. நான் அழைத்தால் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் நானும் அழைப்பதை விட்டேன்.

4

பன்னிரண்டாம் நாள் ஜாஸ்மின் அழைத்தாள். லியா பேச வேண்டும் என்கிறாள் என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. லியாவுக்குப் பதின்மூன்று வயது. ஒரு வருடமாக அவள் என்னோடு பேசுவதே, சார்ஜர் எங்கே, ஏன் முடியாது என்ற அளவில்தான். அதுவும் ஜெர்மனில். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், பாதி புரியாமல் சரி என்பேன். பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை அவளே படித்து, தனக்குத் தோதானபடி எனக்குச் சொல்வாள் என்று ஜாஸ்மின் சந்தேகப்படுவாள்.

அன்று அவள் மெனக்கெட்டுத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, பெரியப்பா செத்தாச்சா?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் கேட்கும்படி போன் ஒலிபெருக்கியில் இருந்தது. ஒரு பெண்மணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போனில் கத்திவிட்டேன். என்ன கேள்வி இது, யார் உனக்கு இப்படிக் கேட்கச் சொன்னது என்றெல்லாம். லியா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே ஜெர்மனில் வேகமாக ஏதோ சொன்னாள். ஜாஸ்மின் போனை வாங்கினாள். 'எப்படி இருக்கிறார்' என்பதைத்தான் கேட்க வந்தாள், 'ஆபத்து' என்ற சொல் அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்த சொல்லை வைத்துக் கேட்டிருக்கிறாள் என்றாள். நேற்று முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அண்ணி போனைக் கேட்டு வாங்கினார். பெரியப்பா தூங்குகிறார், காய்ச்சல் விட்டுவிட்டது, நீ தினமும் கேளு, எனக்கே போன் பண்ணிக் கேளு என்று சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். அந்தப் பக்கம் லியா ஒவ்வொன்றுக்கும் 'ம்' சொல்வது எனக்குக் கேட்டது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதுக்கு வார்த்த தெரியல. உனுக்குத் தெரிஞ்சிருந்துச்சே, நீ ஒரு போன் பண்ணியா?"

5

மூன்றாவது புத்தகம் விடுதிக்காரர்கள் கொடுத்த வேலைக் கையேடு. படுக்கை விரிப்பை எப்படி மடிப்பது, எந்தக் கறைக்கு எந்தத் திரவம், விருந்தாளி அறையில் இருக்கும்போது என்ன பேசக்கூடாது. அதை இரண்டே நாளில் முடித்தேன். மெத்தையைத் தூக்கும் முறை என்ற இடத்தில் அண்ணன் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

நான்காவது, ஜெர்மன் கற்றுக்கொள்கிறவர்களுக்கான பாடப் புத்தகம். யாரோ விட்டுப் போனது. அதை எடுத்ததும் பையிலேயே திருப்பி வைத்துவிட்டேன். பிறகு வேறு வழியில்லாமல் எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரங்களில் அண்ணனின் கையெழுத்து. ஜெர்மன் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருள். ரயில் எந்த மேடையிலிருந்து கிளம்பும், இந்தத் தெரு எங்கே போகிறது, எனக்குக் குளிர்கிறது. சில சொற்களை நான் கேட்டதே இல்லை. பதின்மூன்று வருடத்தில் கிடங்குக்கும் கடைக்கும் வேண்டிய மொழியோடு நான் நின்றுவிட்டேன். அவர் அறை துடைத்த நேரம் போக அதைத் தாண்டிப் போயிருந்தார்.

பதினைந்தாம் நாள் மாலை ஒன்பதாம் பாடம் படித்தேன். உங்கள் குடும்பத்தை அறிமுகப்படுத்துங்கள் என்று ஒரு பயிற்சி. கோடிட்ட இடங்களை அண்ணன் நிரப்பியிருந்தார். என் பெயர் சாலமன். என் மனைவி பெயர் ரூபி. அடுத்த வரி, 'மைன் ப்ரூடர் இஸ்ட் இஞ்சினியர்.' என் தம்பி ஒரு இஞ்சினியர்.

அதை எப்போது எழுதினார் என்று தெரியவில்லை. அவர் தாளைக் கேட்டு, நான் தேடுகிறேன் என்று சொன்னதற்கு முன்பா, பின்பா? அந்த வரியை வாய்விட்டுப் படிக்க என்னால் முடியவில்லை. நின்றுவிட்டேன். தலை நிமிர்ந்தபோது அண்ணனின் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததா, கூரையைப் பார்த்ததா, சொல்ல முடியாது. நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஓடினார். என்னை வெளியே அனுப்பினார்கள். வெளியே வந்து அண்ணியிடம் சொல்ல வாயெடுத்தேன், மறுபடியும் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டார். கண்ணு, கண்ணு என்று மட்டும் எனக்கு வந்தது. கண்ணைக் காட்டினேன். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது.

6

பத்தொன்பதாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மறுநாள் தொண்டைக் குழாயை மூடிப் பார்த்தபோது பேச்சு வந்தது. குளறலாக, ஒவ்வொரு சொல்லாக. தண்ணி என்றார். ரூபி என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். முகத்தின் இடது பாதி மட்டும் சிரித்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் சிரிப்பைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்க அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவர் கேட்டார், லியா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாளா என்று. அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு அண்ணன் மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"லெட்டரு இன்னா ஆச்சுடா? போட்டியா?"

டாக்டரிடம் போய்க் கேட்டோம். தலையில் அடிபட்டவர்களில் சிலருக்கு இப்படி அடிபடுவதற்கு முந்தைய சில வருடங்கள் கலைந்துபோகும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம், இப்போதைக்கு அவரைக் குழப்பாதீர்கள் என்றார். அண்ணனுக்கு அந்த ஆறு வருடம் இல்லை. நான் பொய் சொன்னது அவருக்கு நடக்கவே இல்லை. அவர் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்.

வராந்தாவில் அண்ணி என்னை நிறுத்தினார்.

"இன்னா சொல்லப்போற?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"சொன்னா உனுக்கு பாரம் எறங்கும். அவருக்கு ஏறும். அன்னிக்கு அந்தாளு எவ்ளோ நாள் சோறு துன்னாம கெடந்தாருன்னு நான் பாத்தேன். நீயா பாத்த? இன்னொரு தபா என்னால பாக்க முடியாது தம்பி."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சொல்லாமல் இருப்பதிலும் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை மறைக்க மாட்டேன். யாருக்கு இப்படி இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும்? அழைப்புக் கடிதம் இன்னும் வரவில்லை, வந்துவிடும் என்று சொல்லிவிட்டு, ஊருக்குப் போய் நிஜமாகவே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் நினைவு ஒரு நாள் திரும்பிவிட்டால்? அப்போது நான் அவரிடம் இரண்டு முறை பொய் சொன்னவன்.

நான்கு நாள் தப்பித்தேன். அவர் கேட்கும் முன்பே புத்தகத்தைத் திறந்துவிடுவேன். ஐந்தாவது புத்தகம் ஒரு ஜெர்மன் நாவல், தேனீ வளர்க்கும் ஒரு விதவையின் கதை. படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். நான் தடுமாறும் இடங்களில் அண்ணன் காத்திருப்பார். ஓரத்தில் அவருடைய பென்சில் எழுத்தையே பார்த்துப் பொருள் சொன்னதும் உண்டு. அதை எழுதியது தான்தான் என்றே அவருக்குத் தெரியாது. யாரோ நல்லா படிச்சவன் எழுதியிருக்கான் என்றார்.

பாதிக் கதைதான் ஆகியிருந்தது. விமானத்துக்கு மூன்று நாள் இருந்தது.

7

மத்தியானம் அண்ணி கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். அண்ணன் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினார். பலமில்லாத கை, ஆனாலும் மூடினார்.

"நாலு நாளா கேக்கறேன். நீ படிச்சிகினே கீற. லெட்டரு போட்டியா இல்லியா?"

"போடலண்ணா."

"ஏன்?"

நான் இஞ்சினியர் இல்லை என்றேன். மூன்று முறை தோற்றதைச் சொன்னேன். கிடங்கைச் சொன்னேன், பெல்ட்டைச் சொன்னேன். நீ வந்தால் காலையில் நான் எந்த உடுப்பில் வேலைக்குப் போகிறேன் என்று பார்த்துவிடுவாய், அந்த வெட்கத்துக்குப் பயந்து அலுவலகத்துக்கே போகவில்லை, போனதாகப் பொய் சொன்னேன் என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ரூமு கழுவறவன் தானடா."

அவர் கண் மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலேயே, இது எப்போது நடந்தது என்று கேட்டார். ஆறு வருடம் ஆகிறது, லியா இப்போது ஏழாவது படிக்கிறாள் என்றேன். ஆறு வருடமும் நாம் பேசவில்லையா என்றார். பேசவில்லை என்றேன். அவர் கண்ணோரத்தில் நீர் வழிந்து கட்டுக்குள் போனது. துடைக்கக் கையைக் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனுக்கு அந்த ஆறு வருசம் நெனப்புல இல்ல. உனுக்குதான் கீது. நீயே வெச்சிக்கோ."

அண்ணி மருந்துப் பையோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. என்னைத் தாண்டிப் போய் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தார். நான் எழுந்து வெளியே வந்தேன். அன்று மாலை அண்ணன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையும் கஞ்சியைத் தள்ளிவிட்டார். அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்து, பிழைத்து எழுந்த ஒரு மனிதரை என் கையால் கீழே தள்ளிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'நீயே வெச்சிக்கோ' என்று அண்ணன் சொன்னதற்கு மன்னித்தேன் என்று பொருளா, மன்னிக்க மாட்டேன் என்று பொருளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு மாதிரியும் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

இதை எழுதலாமா என்று ஜாஸ்மினைக் கேட்டேன். அச்சரப்பாக்கத்திலும் படிப்பார்கள், பரவாயில்லையா என்றாள். அதற்காகத்தான் எழுதுகிறேன் என்றேன்.

8

கிளம்ப வேண்டிய நாள். மாலை விமானம். காலையில் வார்டுக்குப் போனேன். அண்ணன் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணி இட்லியைப் பாலில் நசுக்கி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்து வாங்கிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நாஸ்தா ஆச்சா என்று அண்ணி கேட்டார். மூன்று நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

தேனீக் கதையின் மீதியை லியாவைப் படிக்கச் சொல்லி போனில் அனுப்புகிறேன், அவளுக்கு ஜெர்மன் என்னைவிட நன்றாக வரும், தமிழ்தான் தப்புத் தப்பாக வரும் என்றேன். அண்ணன் தலையசைத்தார். பிறகு என்னைப் பக்கத்தில் வரச்சொன்னார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையை எடுத்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். விரலடியில் இருக்கும் காய்ப்புகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"ஒரு பொட்டி எவ்ளோ வெயிட்டு இருக்கும்?"

சிலது முப்பது கிலோ வரும் என்றேன்.

"கிளவுசு தராங்களா?"

"தராங்கண்ணா. சீக்கிரம் கிழிஞ்சிடும்."

"இடுப்பு வலிக்குமா?"

"வலிக்கும்."

"எனுக்கும்" என்றார்.

அண்ணி அடுத்த வாய் இட்லியை நீட்டினார். அண்ணன் என் கையை விடாமலேயே வாங்கிக்கொண்டார்.